கண்ணாடியில் வந்ததும் கையில் வந்ததும்

பேட்டை, திருநெல்வேலி
11 ஜூன் 2025

முத்துராணிக்கு,

நீ வாங்கிக் கொடுத்த, பேச்சை எழுத்தாகக் காட்டும் கண்ணாடியையும் அதோடு சேர்ந்த போனையும் இத்துடன் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். சார்ஜரும் பெட்டிக்குள் இருக்கிறது. வீசி எறியவில்லை. பஞ்சு சுற்றி, அதன் மேல் என் பழைய சேலைத் துண்டைச் சுற்றி வைத்திருக்கிறேன். உன் முதல் போனஸில் வாங்கியது என்று எனக்குத் தெரியும்.

என் பழைய போனைத்தான் நீ கடையில் மாற்றாகக் கொடுத்துவிட்டாயே, ஆகவே இனி என்னிடம் போனே கிடையாது. வீடியோவில் கையால் பேசிக்கொள்ள முடியாது. அதுவும் நல்லதுக்குத்தான். கொஞ்ச நாளைக்கு உன் கையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. சொல்ல வேண்டியதை எழுது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அன்றைக்கு நான் சொல்ல வந்ததைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டாய். கையால் பேசுகிறவள் முன்னால் கண்ணை மூடிக்கொண்டால் அவள் வாயைப் பொத்தியது மாதிரி. பிறகு அழுதுகொண்டே ரயிலுக்குக் கிளம்பிவிட்டாய்.

உன்னைப் பெண் கேட்டு மாரிசெல்வம் வீட்டிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். பெண்ணின் அம்மாவுக்குக் காது கேட்காது என்று அவன் முன்பே வீட்டில் சொல்லியிருந்தான். காலையில் நான் உன்னிடம், கண்ணாடி சூடாகிறது, அணைத்துவிட்டேன் என்று சொன்னேன். உண்மையிலேயே அணைத்தேன். அவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு மறுபடியும் போட்டேன். என் மகளைக் கட்டப் போகிறவர்கள் பேசுவதை நானே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். பார்வைக்குச் சாதாரணக் கண்ணாடி மாதிரிதானே இருக்கிறது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நீ எனக்கு எதிரே உட்கார்ந்து, எப்போதும் போல அவர்கள் பேச்சை எனக்குக் கையால் சொல்லிக்கொண்டிருந்தாய். பையனின் அத்தை வாயைத் திறந்தாள். கண்ணாடியில் பச்சை எழுத்து ஓடியது: "பொறக்கப் போற பிள்ளையும் இப்படி இருந்துரக் கூடாதுல்லா?" உன் கை சொன்னது: வீடு சுத்தமாக இருக்கிறதாம்.

அடுத்த வரி வந்தது. "கல்யாணத்தன்னைக்கு அவங்க மேடைல நிக்கண்டாம். பின்னால உக்காரட்டும். நாலு பேரு கேப்பாங்க." உன் கை சொன்னது: கல்யாணத்துக்கு நீ நல்ல பட்டுச்சேலையாகக் கட்டணுமாம்.

நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். உன் கை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரே நாளில் வருகிற பழக்கமா அது? எத்தனை வருஷமாக இப்படிச் சொல்லி வருகிறாய்? ரேஷன் கடை, உன் பள்ளிக்கூடம், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. எல்லாரும் என்னை மதித்துப் பேசினார்கள் என்றுதானே இத்தனை நாள் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அதனால்தான் எழுந்து போய், போனில் பதிவான வரிகளை அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவர்கள் காப்பியை வைத்துவிட்டுப் போனதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

உன் அம்மா,
இசக்கித்தாய்


தரமணி, சென்னை
19 ஜூன் 2025

அம்மா,

பெட்டி வந்தது. பிரித்ததும் உன் சேலை வாசம். அழுகை வந்துவிட்டது. அப்புறம் உன் கடிதத்தைப் படித்தேன். அழுகை நின்று கோபம் வந்துவிட்டது.

"யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை." இதை நீ ஒரே வரியில் தாண்டிப் போகிறாய். நான் அங்கேயே நிற்கிறேன். அந்த அத்தை பேசியது கேவலம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் தன் பேச்சு எழுத்தாக மாறி, தேதி நேரத்தோடு ஒரு போனில் சேர்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நீ போனை நீட்டியதும் அவள் கத்தியதை நீ படித்திருக்க முடியாது, கண்ணாடியைக் கழற்றிவிட்டாய். "வீட்டுக்குக் கூப்பிட்டு வச்சு, பேசுதத எல்லாம் பிடிச்சு வைக்கியளோ? இங்கன இருந்து இன்னும் யாரு யாருக்குப் போகுது?" என்று கேட்டாள். அது யார் யாருக்குப் போகிறது என்று எனக்கும் தெரியாது. வாங்கும்போது பத்துப் பக்கம் விதிமுறை வந்தது, படிக்காமலே சம்மதம் என்று அழுத்தினேன்.

மாரிசெல்வத்தை எனக்குப் பிடிக்கும். இரண்டு வருஷமாகப் பிடிக்கும். உன் கடிதத்தில் அது ஒரு வரிகூட இல்லை. அவர்கள் வைத்துவிட்டுப் போன காப்பி இருக்கிறது, உன் மகள் இல்லை.

எத்தனை வருஷமாக என்று கேட்டாயே, சொல்கிறேன். ஏழு வயசிலிருந்து. ரேஷன் கடைக்காரர், "அந்த ஊமைய ஓரமா நிக்கச் சொல்லு பிள்ள" என்றார். அம்மா, வெயிலாக இருக்கிறது, நிழலில் நிற்பாயாம் என்று சொன்னேன். நாலாம் வகுப்பில் டீச்சர், "ஒங்கம்மாவக் கூட்டிட்டு வந்து என்ன பிரயோசனம், வீட்ல வேற பெரியவங்க யாரும் இல்லையா?" என்றார். நான் கணக்கில் கெட்டிக்காரி என்று டீச்சர் சொல்வதாகச் சொன்னேன். நீ திரும்பி வரும் வழியில் எனக்குச் சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தாய். நான் கணக்கில் பெயில் அம்மா.

ஏழு வயசுப் பிள்ளை அந்தச் சொல்லைத் தன் கையால் உன் முகத்துக்கு நேரே போட வேண்டுமா? சொன்னவர்கள் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொள்வார்கள். உன் முகம் சுருங்குவதைப் பார்ப்பவள் நான்தான். நீ என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய், அவர்கள் வாயை இல்லை. எனக்கு என் கைமேலேயே வெறுப்பு வந்துவிடும் போல இருந்தது.

இனிமேல் நான் சொல்ல வேண்டியதில்லை, இயந்திரம் சொல்லட்டும் என்றுதான் அந்தக் கண்ணாடியை வாங்கினேன். உனக்காக மட்டும் வாங்கவில்லை. போதுமா?

முத்துராணி


பேட்டை
30 ஜூன் 2025

முத்துராணிக்கு,

உன் கடிதத்தை எட்டு முறை படித்தேன். தையல் மெஷினில் உட்கார்ந்தால் நூல் அறுகிறது. பள்ளிக்கூடப் பையில் வார் வைக்க வேண்டிய இடத்தில் ஜிப் வைத்துத் தைத்துவிட்டேன். பட்டறை முதலாளி இப்ராஹிம் பாய் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிரிக்கக் கொடுத்துவிட்டுப் போனார்.

கணக்கில் பெயில் என்பதற்குச் சிரித்தேன். ஐஸைத் திருப்பிக் கொடு.

மாரிசெல்வத்தைப் பற்றி நான் எழுதாதது தப்பு. ஏன் எழுதவில்லை என்று யோசித்தேன். அவன் முகம் எனக்கு ஞாபகமே இல்லை. கண்ணாடி போட்டிருந்த அரைமணி நேரமும் நான் எழுத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி இல்லாத நாளில் ஒரு வீட்டுக்குள் போனால் யார் யாரைப் பார்த்துக் கண்ணை உருட்டுகிறார்கள், யாருக்குக் கால் ஆடுகிறது, யார் சிரிப்பு வாயோடு நிற்கிறது என்று எல்லாம் எனக்கு இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். நாற்பத்துநான்கு வருஷம் அதை வைத்துத்தான் பிழைத்தேன். அன்றைக்கு அத்தைக்காரியின் பேச்சு முழுக்கத் தெரிந்தது, பையன் எப்படி உட்கார்ந்திருந்தான் என்று மட்டும் தெரியாமல் போயிற்று.

கண்ணாடி என்னிடம் இருந்த அந்த ஒரு மாதம் நன்றாகவும் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். பாங்கில் முதல் தடவையாக நானே தனியாகப் போய், அந்தப் பெண் கேட்டதற்கெல்லாம் எழுதிக் காட்டி வேலையை முடித்தேன். புது பஸ் ஸ்டாண்டில் வண்டி வேறு இடத்திலிருந்து கிளம்பும் என்று கண்டக்டர் சொன்னதைப் படித்து, என்னைத் தாண்டி ஓடியவர்களோடு நானும் ஓடினேன். அப்புறம் இந்த "வே". ஊரில் இத்தனை "வே" போட்டுப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நான் புத்தகத்தில் படித்த தமிழ்தான் எல்லார் வாயிலும் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். "அங்கன கிடக்கு, பைய எடும் வே" என்று கண்ணாடியில் வந்தபோது மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன்.

ஆனால் இரண்டாவது வாரமே பட்டறையில் பேச்சு குறைந்துவிட்டது. இதில் கேமரா இல்லை என்று எழுதிக் காட்டினேன், யாரும் நம்பவில்லை. பக்கத்து மெஷின் சுடலைவடிவு, பதினொரு வருஷமாக என்னோடு ஒரே தூக்குவாளியில் சாப்பிடுகிறவள், என்னைப் பார்த்தால் சேலையால் வாயை மூடிக்கொண்டு அடுத்தவளிடம் பேச ஆரம்பித்தாள். எனக்குக் கேட்காத காலத்தில் அவள் என் முன்னால் மாமியாரைத் திட்டுவாள், புருஷனைத் திட்டுவாள். கண்ணாடியை உனக்கு அனுப்பிய மறுநாள் மறுபடியும் என் தோளில் சாய்ந்துகொண்டு என்னவோ சொல்லி அழுதாள். என்னவென்று தெரியவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

இனி நான் கேட்க வந்தது.

நீ பட்டியல் போட்டாய். அதில் ஒரு நாள் இல்லை. உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாள். 2011 செப்டம்பர் ஆறாம் தேதி, மத்தியானம். வராந்தாவில் டாக்டர் உன்னிடம் பேசினார். நான் எதிரே நின்றேன். உனக்குப் பதினொரு வயசு. நீ என்னிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: நாளைக்குச் சரியாகிவிடும், நீ வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு வா என்கிறார். இரண்டு நாள் அங்கேயே கிடந்தவள், அதை நம்பி வீட்டுக்குப் போனேன். ஐந்து மணிக்குக் கஞ்சியோடு திரும்பி வந்தபோது படுக்கை காலியாக இருந்தது. அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னாய்.

என்னைக் கூப்பிடும்போது அவர் தன் மூக்கின் இடது பக்கம் விரலை வைப்பார், என் மூக்குத்தி இருக்கிற இடம். அந்த விரலைக் கடைசியாக ஒரு தடவை பார்க்காமல் போனேனே என்று பதினான்கு வருஷமாக நினைக்கிறேன். ஆனாலும் டாக்டருக்கே தெரியாமல் வந்த சாவு, யார் என்ன செய்ய முடியும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

டாக்டர் அன்றைக்கு என்ன சொன்னார் முத்துராணி?

அம்மா


தரமணி
8 ஜூலை 2025

அன்புள்ள அம்மா,

இங்கே மழையே இல்லை. ஆபீஸில் வேலை அதிகம். மாரிசெல்வம் வந்து பேசினான். நீ மன்னிப்புக் கேட்டால் அத்தை சமாதானமாகிவிடுவாளாம். அன்றைக்கு அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னானா என்று அவனிடம் கேட்டேன். இல்லை என்றான். பெரியவர்கள் பேசும்போது எப்படி என்றான். அவன் எப்படி உட்கார்ந்திருந்தான் என்பது தெரியாமல் போயிற்று என்று நீ எழுதியிருந்தாயே, நான் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாய்கூடத் தின்னவில்லை.

உன் கண்ணாடி என் மேஜையில் இருக்கிறது. போன சனிக்கிழமை ஒன்று செய்தேன். காதில் பஞ்சை அடைத்து, அதற்கு மேல் ஹெட்போன் மாட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விடுதி மெஸ்ஸில் போய் உட்கார்ந்தேன். எழுத்து இரண்டு நொடி தாமதமாக வருகிறது அம்மா. எல்லாரும் சிரித்து முடித்த பிறகு எனக்குச் சிரிப்புக்கான வரி வருகிறது. நான் சிரிக்கும்போது அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் குழம்புகிறது. அரைமணி நேரத்தில் காதுக்குப் பின்னால் சுட்டது, எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். உனக்குக் கழற்ற முடியாதது ஒன்று இருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது.

நீ கேட்டதைப் பற்றி. அது எப்போதோ நடந்தது. இப்போது அதைக் கிளறி யாருக்கு என்ன ஆகப் போகிறது? உடம்பைப் பார்த்துக்கொள். இரத்த அழுத்த மாத்திரையை விட்டுவிடாதே.

முத்துராணி


பேட்டை
14 ஜூலை 2025

முத்துராணிக்கு,

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நீ மழையைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

நீ சொல்லாமல் விட்டதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். மாட்டேன். ஜாடையைப் பார்த்து ஊகித்து ஊகித்து என் ஆயுசில் பாதி போயிற்று. இதையும் ஊகிக்கச் சொல்லாதே. எழுது.

அம்மா


தரமணி
22 ஜூலை 2025

அம்மா,

எழுதுகிறேன். நான்கு தாள் கிழித்துப் போட்டாயிற்று.

டாக்டர் அவசரமாக இருந்தார். உன்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் குறுக்கே போய், எங்கம்மாவுக்குக் காது கேக்காது, நான் சொல்லுதேன் என்றேன். அப்படிச் சொல்ல எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவர் என் உயரத்துக்குக் கொஞ்சம் குனிந்தார். "பாப்பா, அப்பாவுக்கு இன்னைக்குச் சாயங்காலம் தாண்டாது. ஈரல் முழுசாப் போயிட்டு. இனி நாங்க செய்யுதுக்கு ஒண்ணும் இல்ல. அம்மாவப் பக்கத்துலயே இருக்கச் சொல்லு. வேற யாருக்கும் சொல்லணும்னா இப்பமே சொல்லிரச் சொல்லு." இவ்வளவுதான். ஒரு வார்த்தைகூட எனக்கு மறக்கவில்லை.

நீ என் கையைப் பார்த்தாய். இரண்டு நாள் தூங்காத கண். நான் கையைத் தூக்கினேன். சாவுக்கு நம் வீட்டுக் கை ஜாடை எனக்குத் தெரியும், நம் கோழி செத்தபோது நீதான் காட்டிக் கொடுத்தாய். அந்தக் கையை அப்பாவுக்குப் போட எனக்கு வரவில்லை. தூக்கிய கை தானாக "நாளைக்கு" என்று போய்விட்டது. அப்புறம் "சரியாகும்" என்று போயிற்று. உன் முகம் அப்படியே மலர்ந்தது. அதைப் பார்த்ததும் திருத்த முடியவில்லை. நீ என் முன்னாலேயே இருந்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன். அதனால்தான் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு வா என்று சேர்த்தேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. அவர் சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்லி உன்னை நான்தான் அனுப்பினேன்.

அப்பா தூங்கவில்லை அம்மா. மூன்றரை மணி வரைக்கும் விழித்துத்தான் இருந்தார். ஆக்சிஜன் முகமூடி மாட்டியிருந்ததால் பேச்சு வரவில்லை. வலது கை மட்டும் அசைந்தது. மூக்கின் இடது பக்கம் விரலை வைத்தார். முகமூடி தடுத்தது. அதன் மேலேயே வைத்தார். எடுத்து எடுத்து வைத்தார். நான் "வருகிறாள்" என்று கை போட்டேன். வாசலைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், மறுபடியும் விரலை வைப்பார். நான் மறுபடியும் "வருகிறாள்" என்பேன். கடைசியாக அவரிடம் சொன்னதும் பொய்தான்.

ஒவ்வொரு தடவை நான் உனக்கு எதையாவது மாற்றிச் சொல்லும்போதும் அந்த வராந்தா ஞாபகம் வரும். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் அந்த ஒன்றையும் சொல்ல வேண்டி வருமோ என்று பயம்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நீ என்ன சொன்னாலும் சரி.

முத்துராணி


பேட்டை
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள முத்துராணிக்கு,

உன் கடிதம் ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் கழித்து வந்தது. அமாவாசையன்று குறுக்குத்துறை ஆற்றில் உன் சித்தப்பா அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார், நான் படியில் நின்று பார்த்தேன். தூக்கத்தில் போன புண்ணியவான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் உன் எழுத்தைப் படிக்கிறேன்.

பதில் எழுத ஏன் ஒரு மாதம் என்று நீ பதறியிருப்பாய். உன் சித்தப்பா போனிலிருந்து சுடலைவடிவு உனக்கு ஒரு வார்த்தை அனுப்பினாளாமே, நான் உயிரோடு இருக்கிறேன் என்று. நல்லது. எனக்கு உன் மேல் கோபம். இல்லை என்று எழுதினால் அது நீ கையால் சொல்கிற பொய் மாதிரி ஆகிவிடும். நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. உன் சின்ன வயசுப் போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அந்த மத்தியானம் நான் வீட்டில் என்ன செய்தேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தலைக்குக் குளித்தேன். முடி காயட்டும் என்று முற்றத்தில் உட்கார்ந்தேன் முத்துராணி. அங்கே அவர் விரலை வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் முடி காய வைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் பட்டறைக்குப் போனேன். சுடலைவடிவிடம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் காட்டினேன். அவள் மெதுவாகத்தான் படிப்பாள். படித்துவிட்டு என் பேனாவை வாங்கி ஒரே வரி எழுதினாள். "டாக்டர்ட்ட பேனா இல்லையாக்கும்?"

இருந்தது. அவர் சட்டைப்பையில் இரண்டு பேனா செருகியிருந்தார், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நான் பாளையங்கோட்டையில் பத்தாவது வரை படித்தவள். என் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். அன்றைக்கும் இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை, நான் எடுத்து நீட்டவில்லை. நீட்டுவது எனக்குக் கூச்சம். எழுதுகிற நேரத்துக்கு அவர்கள் சலித்துக்கொள்வார்கள், உன் கையைப் பார்ப்பது சுலபம். பெரியவர்கள் இரண்டு பேர், நடுவில் ஒரு பிள்ளையை நிறுத்தி, அவள் அப்பா சாகப் போகிறார் என்பதை அவள் வாயால், அவள் கையால் வாங்கிக்கொள்ளப் பார்த்தோம். அந்தப் பிள்ளை தடுமாறியது. நான் உன் மேல் பட்ட கோபத்தில் பாதியை எடுத்து அந்த டாக்டருக்குக் கொடுத்துவிட்டேன். மீதியில் பெரும்பகுதி எனக்கு. உனக்குக் கொஞ்சம் இருக்கிறது, அது குறைய நாளாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினான்கு வருஷமாக, அவர் என்னைத் தேடாமலே போய்விட்டார் என்று நினைத்து வந்தேன். தூக்கத்தில் போனவர் யாரைத் தேடுவார்? இப்போது அவர் என்னைத் தேடினார் என்று தெரிந்துவிட்டது. முகமூடி தடுத்தும் அதன் மேல் விரலை வைத்தார் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி மடிப்பில் கிழியப் போகிறது, அத்தனை தடவை பிரித்துவிட்டேன். வலிக்கிறது. ஆனால் இது எனக்கு வேண்டியிருந்தது. என் சொத்து மாதிரி இது. நீ இவ்வளவு நாள் தனியாகச் சுமந்துகொண்டிருந்தாய்.

உன் போட்டோவை மறுபடியும் சுவரில் மாட்டிவிட்டேன்.

கண்ணாடியைப் பற்றி யோசித்துவிட்டேன். எனக்கு அது வேண்டும். பாங்கு, பஸ் ஸ்டாண்டு, முக்கியமாக ஆஸ்பத்திரி. அங்கெல்லாம் இனி நீ எனக்குக் காதாக நிற்க வேண்டாம். நீ மகளாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஆனால் யார் முன்னாலும் சொல்லாமல் போட மாட்டேன். "நீங்கள் பேசுவது இதில் எனக்கு எழுத்தாக வரும்" என்று ஒரு அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன், முதலில் அதைக் காட்டுவேன். பிடிக்காதவர்கள் பேசாமல் போகட்டும். பேச்சைச் சேர்த்து வைக்கிற வேலையைப் போனில் அணைத்துக் கொடு. பட்டறைக்குள் போட மாட்டேன், எனக்குச் சுடலைவடிவின் தோள் முக்கியம். வீட்டுக்குள்ளும் போட மாட்டேன். மாரிசெல்வம் விஷயத்தை நீதான் முடிவு செய்ய வேண்டும். அத்தையிடம் போனை நீட்டியதற்கு நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன், சொல்லாமல் போட்டதற்குக் கேட்கலாம்.

செப்டம்பர் ஆறு இந்த வருஷம் சனிக்கிழமை வருகிறது. வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறு. காலையில் ஜங்ஷனில் நான் நிற்பேன்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைப் பெட்டியிலேயே வை. வெளிச்சம் முகத்தில் படும்படி எனக்கு எதிரே உட்கார். அன்றைக்கு டாக்டர் சொன்னதை, அவர் சொன்னபடியே, ஒரு வார்த்தை விடாமல் உன் கையால் எனக்குச் சொல். "சாயங்காலம் தாண்டாது" என்பதிலிருந்து ஆரம்பி. சாவுக்கு உள்ள கையைப் போடு. என் முகம் மாறும். பார்த்துவிட்டு நிறுத்தாதே, வேறு எதுவும் சேர்க்காதே. முடிக்கிற வரைக்கும் நான் கண்ணை மூட மாட்டேன்.

அதற்குப் பிறகு அப்பா விரலை எப்படி வைத்தார் என்று காட்டு.

அம்மா